எங்கும் நிறைந்த மேலாளரும் ஒரு வலைவடிகட்டியும்

மனித இனத்தின் வரலாற்றை எழுதியவர்கள் நெருப்பைப் பற்றி எழுதினார்கள், சக்கரத்தைப் பற்றி எழுதினார்கள், மூடியைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. திறந்ததெல்லாம் திறந்தபடியே கிடந்திருந்தால் உலகம் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. இந்த மாபெரும் குறையைப் போக்கப் பிறந்ததுதான் பாட்டில் மூடிகள் தயாரிக்கும் அந்த நிறுவனம். தண்ணீர் பாட்டில் மூடி, மருந்து பாட்டில் மூடி, குழந்தைகளால் திறக்க முடியாத மூடி, பெரியவர்களாலும் திறக்க முடியாத மூடி என்று பல வகைகள் அங்கே தயாராகின. அப்பேர்ப்பட்ட நிறுவனத்திலேயே ஒன்று மட்டும் மூடாமல் கிடந்தது. அது இணையம்.

அதை மூடும் பொறுப்பு நம்மவர் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்பது மரியாதைக்காகச் சொல்வது. அவரே போய்த் தலையைக் கொடுத்தார்.

நம்மவர் அந்த அலுவலகத்தின் கணினிப் பராமரிப்பாளர். எல்லாரும் 'சிஸ்டம் சார்' என்பார்கள். வயர் வைத்த எதுவும் அவர் இலாகா. மின்விசிறி முனகினால் அவர், அழைப்பு மணி அடிக்காவிட்டால் அவர். வயரே இல்லாத சுவர்க்கடிகாரம் நின்றுபோனபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். போய் பேட்டரி மாற்றிவிட்டு, நேரத்தையும் சரிசெய்துவிட்டு வந்தார். கணினிக்குப் புரிகிற மொழிகள் பல தெரிந்தவருக்கு 'முடியாது' என்ற ஒரு தமிழ்ச் சொல் மட்டும் வாயில் வரவில்லை. இத்தனை சேவைக்கும் நிறுவனம் அவருக்கு அளித்திருந்த பட்டம் 'தற்காலிகப் பணியாளர்'. ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டு வந்ததால் அந்தத் தற்காலிகத்தில் ஒரு நிலைத்தன்மை இருந்தது.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மேலாளர் எழுந்து, அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை என்றும், எல்லாரும் இணையத்தில் மேய்கிறார்கள் என்றும் வருந்தினார். எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வருந்தினார்கள். அப்போதுதான் நம்மவர் கையைத் தூக்கினார்.

"நம்ம லினக்ஸ் ப்ராக்ஸியில ஒரு ஃபில்டர் போட்டுடலாம் சார். அரை மணி நேர வேலை."

மேலாளர் அவரைப் பெருமிதத்தோடு பார்த்தார். "நல்லது சிஸ்டம். அடுத்த வாரம் தலைவர் வர்றார். அவர் கண்ணு முன்னாடி அது வேலை செஞ்சா, உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே பேசறேன். செய்யலைன்னா கஷ்டம். இந்தக் கம்ப்யூட்டர் வேலை மொத்தத்தையும் வெளி ஆளுங்ககிட்ட குடுத்துடலாம்னு தலைவர் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கார்."

நம்மவர் அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் சொல்லிவிட்டார். குளித்துவிட்டு வருவதற்குள் காரியம் கைமீறியிருந்தது.

"எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு?"

"உங்களுக்கு நிரந்தரம் ஆயிடுச்சுன்னு."

"இன்னும் ஆகலையே."

"அரை மணி நேர வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மச்சானிடம் போன செய்தியை எந்த வடிகட்டியாலும் திரும்பப் பெற முடியாது. நம்மவர் தலையைத் துவட்டிக்கொண்டார்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. அலுவலகத்துக் கணினிகள் எதுவும் நேராக வெளியுலகைப் பார்க்க முடியாது. கீழ்த்தளத்தில், நம்மவருடைய குளிரூட்டிய சிற்றறையில், 'ப்ராக்ஸி' என்று, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு பெட்டி இருக்கிறது. யார் எதைக் கேட்டாலும் அது போய் வாங்கிவந்து கொடுக்கும். கேட்டதையெல்லாம் கொடுக்கும் குணத்தில் அது நம்மவருக்கு உடன்பிறப்பு. இனி அதன் பக்கத்தில் ஒரு வடிகட்டி உட்காரும். விதிகள் எழுதிய கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்கும். கேட்பவருக்குப் பொருந்துகிற முதல் விதி எதுவோ, அதன்படி நடக்கும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் திரும்பிப் பார்க்காது. மேலே இருப்பவர் சொல்லிவிட்டால் கீழே இருப்பவர் பேச்சு எடுபடாது என்பது லினக்ஸுக்கும் தெரிந்திருக்கிறது.

அரை மணி நேர வேலை ஒரு முழு நாளில் முடிந்தது. மறுநாள் காலை வடிகட்டி அமலுக்கு வந்தது. கணக்காளர் வழக்கம்போல் தொடர்நாடகத்தைத் திறக்க, சிவந்த பக்கம் ஒன்று எழுந்து நின்று 'இங்கே அனுமதி இல்லை' என்றது. வரவேற்பு மேசை அம்மையார் ஜன்னலுக்குத் திரைச்சீலை பார்க்கப் போய் அதே சிவப்பைப் பார்த்தார். அலுவலகமெங்கும் தட்டச்சுச் சத்தம் கேட்டது. சிலருக்குத் தாங்கள் அங்கே என்ன வேலைக்குச் சேர்ந்தோம் என்பதே நினைவுக்கு வந்துவிட்டது. நம்மவர் கீழறையில் உட்கார்ந்து தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முயன்று, கை எட்டாமல் விட்டுவிட்டார்.

அப்போது தொலைபேசி அடித்தது. மேலாளர்.

"சிஸ்டம், எனக்குச் சிவப்பா வருதே."

"என்ன பார்த்துக்கிட்டிருந்தீங்க சார்?"

"பார்க்கலை. ஆய்வு பண்ணிக்கிட்டிருந்தேன். மரத்துல நாற்காலி செய்யற வீடியோ."

இந்த ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேலாளர் சென்ற ஆண்டு 'நடமாடும் நிர்வாகம்' என்ற பயிற்சிக்குப் போய்வந்தவர். நிலையான இருக்கை உள்ளவனுக்கு நிலையான சிந்தனைதான் வரும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்த அன்றே தன் அறையையும் மேசையையும் துறந்தார். அன்றிலிருந்து மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு தளம் தளமாக அலைகிறார். எந்த மேசை பிடிக்கிறதோ அங்கே உட்கார்ந்து, அந்த மேசைக்காரரின் இணைய வயரைப் பிடுங்கித் தன் கணினியில் செருகிக்கொள்வார். மேசைக்காரர் அவர் எழுந்து போகும்வரை கைகட்டி நிற்பார். நாற்காலியைத் துறந்த மனிதர் நாள் முழுக்க நாற்காலி செய்யும் வீடியோ பார்ப்பதன் உட்பொருளை ஆராய யாருக்கும் துணிவு இருந்ததில்லை.

"உங்களுக்கு மட்டும் விலக்கு குடுத்துடறேன் சார்" என்றார் நம்மவர். ஒவ்வொரு மேசை வயருக்கும் ஓர் எண் உண்டு. மேலாளர் அப்போது உட்கார்ந்திருந்த மேசையின் எண்ணை விதிக்கோப்பின் உச்சியில் எழுதி, 'இவரைத் தடுக்காதே' என்று சேர்த்தார். நாற்காலி மீண்டும் உருவாகத் தொடங்கியது.

தேநீர் வேளைக்குள் மேலாளர் விற்பனைப் பிரிவுக்கு நகர்ந்துவிட்டார். மறுபடி சிவப்பு, மறுபடி தொலைபேசி. அந்த எண்ணையும் சேர்த்தார். பிறகு பண்டகசாலை, பிறகு மாடிப்படி ஓரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம்மவர் முதல் வாயை எடுத்து வைக்கும்போது மறுபடி தொலைபேசி அடித்தது.

"சிஸ்டம், நாற்காலிக்கு முக்கியமான கால் வைக்கப் போறான். இப்பப் போய் நின்னுடுச்சு. எனக்கு நிரந்தரமா ஒரு வழி பண்ண மாட்டீங்களா?"

'நிரந்தரம்' என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததும் நம்மவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தார். மேலாளர் எங்கே இருப்பார்? எங்கும் இருப்பார். அப்படியானால் விலக்கும் எங்கும் இருப்பதுதானே முறை? தனித்தனி எண்களை அழித்துவிட்டு, மேலாளர் காலடி படக்கூடிய எல்லா மேசைகளையும் ஒரே வரியில் அடக்கி, கோப்பின் முதல் வரியாக எழுதினார். அதன் தலைமாட்டில் 'மேலாளர் அவர்கள்' என்று ஒரு குறிப்பும் போட்டார். மேலாளர் காலடி படாத இடம் கட்டடத்திலேயே ஒன்றுதான். நம்மவருடைய கீழறை. அங்கே குளிர் அதிகம், உபரி நாற்காலியும் கிடையாது.

அதன்பிறகு தொலைபேசி அடிக்கவில்லை. நம்மவர் ஆறிப்போன சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் மேலாளரே கீழறை வாசல்வரை வந்து, குளிருக்குப் பயந்து வெளியே நின்றபடி சொன்னார்: "கணக்காளர் நாடகம் பார்க்கறார் சிஸ்டம். ஃபில்டர் வேலை செய்யலை."

"அதெப்படி சார்? இங்க பாருங்க." நம்மவர் தன் கணினியில் நாடகத்தைத் தட்டினார். சிவப்பு வந்தது. "வேலை செய்யுதே."

"அங்க செய்யலையே."

ஆகவே, கோளாறு கணக்காளரின் கணினியில் என்று நம்மவர் முடிவு செய்தார். அதைத் துடைத்துப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றினார். நாடகம் முன்பைவிடத் தெளிவாக ஓடியது. வயரை மாற்றினார், வேகமாகவும் ஓடியது. பிறகு வடிகட்டியையே அடியோடு அழித்துவிட்டு மறுபடி நிறுவினார். அப்படி நிறுவும்போது விதிக்கோப்பை மட்டும் முன்கூட்டியே பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் இருந்த இடத்தில் திரும்ப வைத்தார். மேலாளருக்குக் கொடுத்த விலக்கு காணாமல் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

கோப்பை அவர் படிக்காமல் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். ஒவ்வொரு புள்ளியையும் சோதித்தார். முதல் வரி வரும்போது மட்டும் அவர் பார்வை தானாகத் தாழ்ந்துவிடும். நடைவழியில் மேலாளர் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்பாரே, அதே ஒதுங்கல்தான். அவர் கடந்து போனதும் இரண்டாம் வரியிலிருந்து ஆராய்ச்சி தொடரும்.

சரி, உலகத்தில் இந்தக் கோளாறு வேறு யாருக்காவது வந்திருக்கும், படித்துப் பார்க்கலாம் என்று லினக்ஸ் உதவிப் பக்கங்களைத் திறந்தார். அங்கேயும் சிவப்பு. வடிகட்டி கெட்ட சொற்களை எண்ணிப் பார்த்துப் பக்கத்தை மூடும் திறமை வாய்ந்தது. லினக்ஸ் உலகிலோ ஒரு நிரல் பெற்ற சிறு நிரலுக்குக் 'குழந்தை' என்று பெயர். அது அடம்பிடித்தால் 'கொல்' என்பது கட்டளை. பெற்றது முந்திப் போய்விட்டால் மிஞ்சியது 'அநாதை'. செத்தும் இடத்தைக் காலி செய்யாதது 'நடைப்பிணம்'. உதவிப் பக்கத்தில் பாதிக்கு மேல் குழந்தையை எப்படிக் கொல்வது என்ற விளக்கம்தான். அதைப் படித்த வடிகட்டி நடுங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

தன் அறைக்கும் ஒரு விலக்கு எழுதிக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. சட்டம் போட்டவனே சட்டத்தை மீறுவதா? வெட்கமாக இருந்தது. நேர்மையாளரான நம்மவர் மாடியேறி வரவேற்பு மேசைக்குப் போனார்.

"அம்மா, உங்க கம்ப்யூட்டர்ல கொஞ்ச நேரம் ஒண்ணு படிச்சுக்கட்டுமா?"

"ஏன் சார், உங்க ரூம்ல நெட் இல்லையா?"

"இருக்கு. ஆனா தடுக்குது."

"யாரு தடுக்கறாங்க?"

"நான் போட்ட ஃபில்டர்தான்."

"இங்க ஒண்ணும் தடுக்கலையே. நான் காலையிலேர்ந்து திரைச்சீலை பார்த்துக்கிட்டிருக்கேன்."

"அதாம்மா பிரச்சனை. இங்க ஏன் தடுக்கலைன்னு படிக்கத்தான் வந்திருக்கேன்."

அம்மையார் எழுந்து இடம் கொடுத்தார். "இங்கயும் தடுத்திருந்தா எங்க போய்ப் படிப்பீங்க?"

"அதானே, நல்லவேளை" என்று நம்மவர் மனதார நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

அங்கிருந்தபடியே, லினக்ஸ் தெரிந்தவர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் தன் துயரத்தை விரிவாக எழுதி, விதிக்கோப்பையும் ஒட்டினார். எந்த ஊரோ எந்த நாடோ, பூனைப் படம் போட்ட ஒருவர் உடனே பதில் எழுதினார்: 'உங்கள் முதல் வரியைப் படித்துப் பாருங்கள்.'

நம்மவருக்குச் சுருக்கென்றது. 'முதல் வரி எங்கள் மேலாளருடையது. அதில் பிழை இருக்க வாய்ப்பில்லை' என்று எழுதினார்.

பூனையிடமிருந்து இன்னொரு பதில் வந்தது: 'மேலாளர் என்பது என்ன மென்பொருள்? எந்தப் பதிப்பு?'

விவரம் தெரியாதவர்களிடம் மாட்டிக்கொண்டோம் என்று நொந்தபடி நம்மவர் எழுந்துவிட்டார்.

தலைவர் வரும் நாளும் வந்தது. அன்று காலை நம்மவர் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினார். மனைவி தேய்த்த சட்டையை எடுத்துக் கொடுத்து, "அண்ணன் சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருக்கார்" என்று வேறு சொல்லியிருந்தாள். இந்த வேலை போனால் இந்த வயதில் எந்த அலுவலகத்து மின்விசிறியைப் போய்ப் பழுதுபார்ப்பது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

தலைவர் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். மூடியில் நம்பிக்கை உள்ளவர், கணினியில் இல்லாதவர். கணக்காளரின் மேசை முன் வந்து நின்றார்.

"எங்க, ஏதாவது ஒரு தப்பான இடத்துக்குப் போய்க் காட்டுங்க. தடுக்குதான்னு பார்ப்போம்."

கணக்காளர் தனக்கு அப்படிப்பட்ட இடங்கள் எதுவும் தெரியாது என்று முகத்தாலேயே தெரிவித்தார். வரவேற்பு அம்மையார் கூரையைப் பார்த்தார். மேலாளர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு கூடம் நிறைய மனிதர்கள், இணையத்தில் தவறான இடம் ஒன்றுகூட அறியாமல் வாழ்ந்திருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் நம்மவர் வாயைத் திறந்தார். வாரம் முழுக்கச் சோதித்த பழக்கம். நாடகத்துக்கு இரண்டு, சினிமாவுக்கு மூன்று, சீட்டாட்டத்துக்கு நான்கு என்று முகவரிகள் மூச்சுவிடாமல் வந்து கொட்டின. தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிறைய தெரியுமோ?"

"சோதனைக்காக ஐயா."

கணக்காளர் ஒன்றைத் தட்டினார். நாடகத்தில் மாமியார் அழத் தொடங்கினார். அடுத்து எல்லாரும் வரவேற்பு அம்மையாரின் மேசைக்குப் போனார்கள். அங்கே சீட்டுக்கட்டு விரிந்தது. மேலாளரின் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார் தலைவர். பாதி முடிந்த நாற்காலி ஒன்று பளிச்சென்று நின்றது.

"இதுக்கா ஒரு வாரம்?" என்றார் தலைவர்.

"ஐயா, கீழ என் அறையில வேலை செய்யுது" என்றார் நம்மவர்.

எல்லாரும் கீழறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். மேலாளர் முதல்முறையாக அந்தக் குளிரில் காலடி வைத்தார். நம்மவர் நாடகத்தைத் தட்டினார், சிவப்பு. சினிமா, சிவப்பு. லினக்ஸ் உதவிப் பக்கத்தையும் தட்டிக் காட்டினார், அதுவும் சிவப்பு. தலைவர் முகம் மலர்ந்தது. நன்றாக இறுகிய மூடியைத் தட்டிப் பார்ப்பதுபோல் திரையை விரலால் தட்டினார்.

"அருமையா மூடுதே. அப்ப மேல மட்டும் ஏன் மூடலை? விதின்னு என்னமோ எழுதி வெச்சிருக்கறதா மேலாளர் சொன்னாரே, அதை எடு."

நம்மவர் கோப்பைத் திறந்தார்.

"கண்ணாடியைக் கார்லயே வெச்சுட்டேன். நீயே படி. முதல்லேர்ந்து படி."

உரக்கப் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எதையும் தாண்டிப் போக முடியாது. நம்மவர் முதல் வரியில் கண்ணை வைத்தார். வாரத்தில் முதல்முறையாக அந்த வரியை நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கீழறை நீங்கலாக, கட்டடத்திலுள்ள எல்லா மேசைகளும் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வடிகட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அது சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தது. பூனைப் படக்காரருக்கு ஒரு நொடியில் தெரிந்தது தனக்கு ஏன் தெரியவில்லை என்று நினைத்தபோது நம்மவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் தலைவர்.

நம்மவர் திரும்பிப் பார்த்தார். மேலாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் தலைமாட்டில் 'மேலாளர் அவர்கள்' என்ற எழுத்துகள் மேலாளருக்கு மட்டும் கண்ணாடி இல்லாமலே தெரிந்தன. உண்மையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தையும் தொண்டைவரை வந்து, அங்கே ஒரு சிவந்த பக்கத்தில் முட்டி நின்றன.

"மேல இருக்கற எல்லாரையும் நம்பலாம்னு எழுதியிருக்கு ஐயா" என்றார். "இந்த ஒரு அறையை மட்டும்தான் நம்பக் கூடாதுன்னு."

"இந்த அறையில யார் இருக்கா?"

"நான்தான் ஐயா."

தலைவர் திரையை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். அவர் தொழில்முறையில் சிந்திப்பவர். பாட்டில் ஒன்றிருந்து மூடியும் பொருந்திவிட்டால் இரண்டையும் பிரிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

மாலைக்குள் உத்தரவு தயாராகிவிட்டது. அது நிறுவனத்தின் முத்திரையோடு இப்படி இருந்தது: 'இந்நிறுவனத்தில் தடை தேவைப்படும் ஒரே நபராக இவர் ஐயத்துக்கிடமின்றிக் கண்டறியப்பட்டுள்ளார். நிறுவப்பட்ட தடைக்கருவி பயனின்றிப் போகாதிருக்கும் பொருட்டு, இவரது பணி இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறது.'

மேலாளர் அதைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். நம்மவர் தோளில் கையை வைத்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக 'நீங்க' போய் 'நீ' வந்தது.

"நம்ம ஆபீஸ்லயே ஒழுங்கா வேலை செய்யற ஃபில்டர் நீதான்யா."

அந்தப் பாராட்டில் நம்மவருக்குத் தலை கால் புரியவில்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். இருந்தாலும் உள்ளே எங்கோ ஓர் இடத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. அதை அவர் சந்தோஷம் என்றே நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

வீட்டில் மச்சான் இன்னும் வரவில்லை. மனைவி உத்தரவை வாங்கி ஒரு முறை படித்தாள், மறுபடி மெதுவாகப் படித்தாள். "என்னங்க இது?" என்றாள். நம்மவர் நாற்காலியிலிருந்து பூனைவரை ஒன்றுவிடாமல் சொன்னார், மேலாளரின் பாராட்டை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

"அப்ப கோளாறு அந்த முதல் வரிதான்?"

"ஆமா."

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. அதை அழிச்சுட்டு வந்தீங்களா?"

நம்மவர் சுவரைப் பார்த்தார். "அது எப்படிம்மா? அது மேலாளரோடது."

மனைவி உத்தரவை மடித்து அவர் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"அண்ணன் வந்தா நான் சரியாவே சொல்லிக்கறேன். அவங்க நிரந்தரம் பண்ணினது உங்களை இல்லைங்க, அந்தக் கோளாறை."